விழவே விழாதவர்கள்

அறுபத்தைந்தைத் தாண்டியும் ஒருமுறைகூட விழாத வீரர்கள் என்றொரு இனம் உண்டு. இவர்கள் விழமாட்டார்கள். கால் லேசாக வழுக்கும், மிதியடி மடங்கியிருக்கும், பேரன் பொம்மையைக் கண்ட இடத்தில் போட்டிருப்பான், செருப்புக் கடைக்காரன் ஏமாற்றியிருப்பான், குற்றம் உலகத்தில் எல்லார் மேலும் இருக்கும், தங்கள் முழங்கால் மேல் மட்டும் இருக்காது. உடற்பயிற்சியா? "அந்தக் காலத்துல நாங்க பண்ணாத வேலையா!" விசாரணை முடிந்தது.

இவ்வளவு விவரம் எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? நான்தானே இவர்களுக்குத் தலைவன்!

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மாடிப்படி என்பது மற்றவர்களுக்கு என்று நம்பியவன். ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலியில் குடியேறினேன். என் மனைவியோ, மருத்துவமனையில் முதியவர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். வீட்டிலும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பாள்.

"என்ன கொக்கே, மீன் கிடைச்சுதா?" என்பேன்.

"நீங்களும் வாங்களேன். பத்து நிமிஷந்தான்."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், கல் உருண்டது. நின்றபடியே பேண்ட் போட ஒரு காலைத் தூக்கினேன். மற்ற காலுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மல்லாந்து கிடந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் ஊரையே மேலே அனுப்பி வைத்தவனால் தரையிலிருந்து ஒரு முழம் எழ முடியவில்லை. முதல் கால் மணி நேரம் கோபம். அடுத்த கால் மணி நேரம் பயம். இனிமேல் யாராவது வந்து தூக்கினால்தான் எழுவேனோ என்று தோன்றியபோது கண் கலங்கிவிட்டது. தூசு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வந்து பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க! விழுந்துட்டீங்களா?"

"யாரு விழுந்தா? கட்டிலுக்கு அடியில பெருக்கியிருக்கான்னு பார்த்தேன்."

"பேண்ட்ட பாதியில விட்டுட்டா?"

அவள் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, அருகே உட்கார்ந்தாள். "ஒருக்களிச்சுப் படுங்க. மெதுவா முட்டி போடுங்க. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு ஒரு கால ஊனுங்க. அவசரமே இல்ல." வகுப்பில் கற்றதையெல்லாம் சொல்லிச் சொல்லி என்னை எழுப்பினாள். பிறகு அவள் எழுந்தாள். ஒரே மூச்சில்! என்னைவிட இரண்டே வயது சின்னவள்.

வியாழக்கிழமை நானும் வகுப்புக்குப் போனேன். பயிற்சி தரும் பெண் கேட்டாள்: "ஐயா, இந்த வருஷத்துல எப்பவாவது விழுந்திருக்கீங்களா?"

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்திருக்கேன்மா" என்றேன். "மூணு தடவ."

"மூணா!" என்றாள் மனைவி.

இப்போது நான்கு மாதமாகச் சமையல் மேடையோரம் இரண்டு பேர் ஒற்றைக் காலில் நிற்கிறோம். நான் கொஞ்சம் ஆடுகிறேன். ஆனால் நிற்கிறேன்.

'பாவம் கிழவர்' என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், கையை எதிலும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஒருமுறை எழுந்து பாருங்களேன்.

என்ன, நாற்காலி கொஞ்சம் தாழ்வா?