டக் சத்தம் வராத ஓவன்

இந்த வருடம் கல்யாண நாள் கேக்கைத் தன் கையாலேயே செய்துவிடுவதென்று நோயல் சபதம் எடுத்துக்கொண்டார். பெங்களூரு காக்ஸ் டவுனில் பாதிப் பேர் அவர் மனைவி பிரிஜெட்டின் கேக்கைச் சாப்பிட்டவர்கள். இப்போது அவளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஊருக்கே செய்து கொடுத்தவள் தன் விசேஷத்துக்குக் கடைக் கேக் சாப்பிடுவதா? அவருக்கு மனசு தாங்கவில்லை.

இடைஞ்சல் ஒன்றுதான். அவரே செய்து கொடுத்த ஓவன், சூடு ஏறினால் 'டக்' என்னும், இறங்கினால் 'டக்' என்னும். அது காதில் விழுந்தால் பிரிஜெட் கட்டோடு எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள்.

சனிக்கிழமையே ஓவனைப் பிரித்தார்.

"என்னங்க மாட்டுறீங்க?" எட்டிப் பார்த்தாள் பிரிஜெட்.

"சாலிட் ஸ்டேட் ரிலே. ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்துற சுவிட்ச். எங்க ஃபேக்டரியில பிளாஸ்டிக் உருக்குற ஹீட்டருக்கெல்லாம் இதுதான்."

"பழசுக்கு என்ன கேடு?"

"அதுல தகடு டக் டக்குனு ஒட்டி ஒட்டிப் பிரியும், தேஞ்சுடும். இதுல அசையறது எதுவுமில்ல. உள்ள குட்டி லைட் எரியும். எதிர்ல இருக்கிற சிப் அதைப் பாத்து கரண்டை விடும். சத்தமே வராது."

"முதுகுல எதுக்கு அலுமினியம்?"

"வேலை செஞ்சா சூடாகும். அதைத் தணிக்க."

"சத்தம் போடாம உள்ளுக்குள்ளயே சூடாகுமா? உங்கள மாதிரிதான்."

ஞாயிறு மதியம் அவள் கண்ணயர்ந்ததும் மாவைக் கலக்கினார், ஓவனைப் போட்டார், செர்ரி வாங்கக் கடைக்கு ஓடினார். திரும்பி வந்து மாவை ஊற்றி உள்ளே வைத்தார். சத்தமே இல்லை. கேக் பூப்போல உப்பி வந்தது. நோயலுக்குத் தலைகால் புரியவில்லை.

எழுந்து வந்தவள் ஒரு துண்டு வாயில் போட்டாள். கண் கலங்கியது.

"சக்கத்தா இருக்குங்க. பேக்கிங் பவுடரும் சரியா இருக்கு."

பேக்கிங் பவுடரா? அந்த டப்பாவின் சீலை அவர் பிரிக்கவே இல்லை.

"நீ தூங்கிட்டுதானே இருந்த?"

"தூங்கிட்டுதான் இருந்தேன். ஓவன் சூடாகுற வாசனை வருது, டக்குனு சத்தத்தைக் காணோம். தூக்கத்துல புது ரிலே ஞாபகமே வரல. பதறி எழுந்து வந்தேன். நீங்க இல்ல. டப்பா சீலோட நிக்குது. இடது கையால போட்டுக் கலக்கிட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க செஞ்ச கேக்கா இருக்காதே."

 நோயல் அவளுடைய கட்டுப்போட்ட கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நீ நிம்மதியா தூங்க நான் என்ன செய்யணும், சொல்லு."

அவள் கண்ணால் மேசையைக் காட்டினாள். பழைய ரிலேயும் ஸ்க்ரூ டிரைவரும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஏற்கனவே தயாராக இருந்தன.