நான் எழுதிய ரோமானியர்

இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். உண்மைதான். நானே எழுதியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு ரோமானியத் தளபதியின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி ஏற்றினேன். (பெயர் வேண்டாம். பாவம், என்னிடம் அவர் பட்டது போதும்.) பிறகு பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரக்கறிக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

மாகாணப் பேச்சுப் போட்டிக்குப் பாடசாலையிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கும் நடுவர் நான். தலைப்பு, வேறு யார், என் தளபதிதான். என் கட்டுரையையே பிரதி எடுத்துக் கொடுத்தேன். சுரேஷ் என்ற மாணவன் அதை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அடுத்து வந்தவள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஸ்பிரிங்வெளி லயத்துப் பிள்ளை கலைவாணி. ஆண்டுகளைப் பார்த்தால், முதல் பத்தியில் இறந்துபோகிறவர் நாலாம் பத்தியில் போருக்குப் போகிறார் என்றாள். தம்பி அண்ணனைவிட ஒன்பது வயது மூத்தவனாக இருக்கிறான் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறிவிட்டது.

"கலைக்களஞ்சியத்துக்கே பாடம் எடுக்கிறியா? போய் உக்காரு" என்றேன்.

அவள் தலைப்பை விட்டு விலகிப் பேசியதாக எழுதி, சுரேஷின் பெயரை அன்றைக்கே கல்விக் காரியாலயத்துக்கு அனுப்பினேன். கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. (நான் எழுதியதை நானே எதற்குப் படிக்க வேண்டும்?)

மறுநாள் காலை, கொழுந்து பறிக்கும் கலைவாணியின் அம்மா பாடசாலைக்கு வந்தார். தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் அது. பெரட்டில் நிற்காதவருக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதியமாட்டார்கள். அதை விட்டுவிட்டு வந்திருந்தார். பிரதியை மேசையில் வைத்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நா இன்னைக்குப் பெரட்டுக்குப் போகலங்க சார், எனக்குப் பேர் இல்ல. செத்துப்போன இவருக்கு மட்டும் எப்படிங்க பேர் போட்டீங்க?"

அப்போதுதான் படித்தேன். கிறிஸ்துவுக்கு முந்திய ஆண்டுகளை இறங்குவரிசையில் எண்ண வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவன், கட்டுரை முழுக்க ஏறுவரிசையில் எண்ணித் தொலைத்திருந்தேன். நானும் லயத்தில் வளர்ந்தவன்தான், என் அம்மாவும் பெரட்டில் நின்றவர்தான். கலைவாணியின் அம்மா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கல்விக் காரியாலயத்துக்கு ஓடினேன். பட்டியலை மூடியாயிற்று என்றார்கள். வகுப்பு முன்னால் கலைவாணியைத் திட்டியவன், மன்னிப்பை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கோழை.

கட்டுரையைத் திருத்திக் கொடுத்தும் சுரேஷுக்குப் பழைய மனப்பாடம் மாறவில்லை. மாகாண மேடையிலும் தளபதி செத்த பிறகே போருக்குப் போனார். இதை எழுதியது யார் என்று நடுவர்கள் கேட்டார்களாம். சுரேஷ் நேர்மையான பிள்ளை. என் பெயரை முதலெழுத்தோடு சொல்லியிருக்கிறான்.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், "செத்தவருக்குப் பேர் போட்டாச்சா?" என்பாள் மனைவி. விருந்தாளிகள் வந்தால் நானே கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பேன்.

போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் கலைவாணியின் அம்மாவைப் பார்த்தேன். அன்று நீங்கள் கேட்டதை நினைத்து எங்கள் வீட்டில் இன்னும் சிரிக்கிறோம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ அதுக்கப்புறம் மேடையே ஏறலங்க சார்" என்றார்.