பன்னிரண்டு சுவிட்ச் படகு

ஒரு படகைக் கட்ட மூன்று மாதமும், அதற்கு ஒரு சுவிட்ச் பலகையைத் தேர்ந்தெடுக்கப் பதினான்கு மாதமும் எடுத்துக்கொண்ட மனிதர் ஒருவர் இருக்கிறார் என்று படகுத்துறையில் ஒரு வதந்தி. இந்தக் காலத்தில் எதைத்தான் நம்புவது? நேரில் போய் விசாரித்ததில் அது பொய் என்று தெரிந்தது. பதினாறு மாதம்.

‘ஒப்பிட்டுப் பார்ப்பவர்’ என்கிற இனம் இது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பகலெல்லாம் அடுத்தவர் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பவர், பதில் வர அரை நிமிடமானால் முகம் சுளிப்பவர்.

படகு பதினாலடி. அதில் மின்சாரம் வேண்டியவை மூன்றே மூன்று: விளக்கு, ஹாரன், தண்ணீர் இறைக்கும் பம்பு. மூன்று சுவிட்ச் போதாதா? நாளைக்கு ஒரு ரேடியோ வைத்தால்? நாளன்றைக்கு, நடுக்கடலில் காற்றில்லாமல் போய், ஒரு மின்விசிறி தேவைப்பட்டால்? பன்னிரண்டு என்று முடிவாக ஐந்து மாதம். அப்புறம் பலகையை வைக்கும் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து மூடி, குளியலறை வாளியில் அமுக்கி, மேலே செங்கல்லை ஏற்றி, கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் குளிக்க முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

“படகே முழுகினாலும் இதுக்குள்ள ஒரு சொட்டு போகாது, தெரியுமா?”

“படகு முழுகினப்புறம் எந்த சுவிட்சைப் போடப் போறீங்க?” என்றாள் மனைவி.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தானாக வாய் திறந்து கொடுத்த ஒரே வாக்கு, கடலுக்குள் கூட்டிப்போய் சூரியன் மறைவதைக் காட்டுகிறேன் என்பது. விளக்கு எரியாத படகைத் துறைக் காவலர் மாலையில் விடமாட்டார். பத்து நாளில் காற்று திரும்பிவிடும்; அப்புறம் ஆறு மாதம் சின்னப் படகெல்லாம் கரையில்தான்.

“என் தம்பிகிட்ட டார்ச் கேட்டு வாங்கியாச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டாவது போயிட்டு வரலாம்.”

டார்ச்சா! பதினாறு மாத ஆராய்ச்சிக்கு இந்த மரியாதையா? ரோஷத்தில் அன்று மாலையே பெட்டியை முடிவு செய்துவிட்டார். கண்ணாடி மூடி, நான்கு பக்கமும் ரப்பர், வாளியில் மூன்று முறை தேறியது. வயர் நுழைய ஒரு துளை போட வேண்டும். எங்கே? தண்ணீர் கீழேதானே தேங்கும் என்று யோசித்து யோசித்து, மேல்பக்கம் போட்டார்.

காவலர் விளக்கைப் பார்த்துத் தலையாட்டினார். படகு போனது. மனைவி மடியில் டார்ச்சை வைத்துக்கொண்டு மேற்கே திரும்பி உட்கார்ந்தாள். சூரியன் பாதி இறங்கியபோது ஒரே ஓர் அலை, பெரிதுகூட இல்லை, பக்கவாட்டில் அறைந்தது.

விளக்கு போனது. ஹாரன், யாரும் கேட்காமலே, அலற ஆரம்பித்தது. கண்ணாடி மூடிக்குப் பின்னால் கடல்நீர் சுவிட்சுகளின் இடுப்பளவு நின்றது. அவர் குனிந்து பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு பெருமிதம்.

“பாத்தியா, ஒரு சொட்டு கசியுதா பாரு.”

“கொஞ்சம் நகருங்க, மறைக்கிறீங்க,” என்றாள்.

மீதிச் சூரியனை அவள் முழுசாகப் பார்த்தாள். ஹாரனோடு. திரும்பும்போது டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். துறையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். இறங்கும் அவசரத்தில் டார்ச் கடலுக்குள் போனது.

இது நடந்து இரண்டு மாதம். மைத்துனருக்கு ஒரு டார்ச் பாக்கி. ஒன்று வாங்கிக் கொடுத்துத் தொலைத்தால் போச்சு, இதிலென்ன என்கிறீர்களா? கடைசியாக நீங்கள் ஒரு மின்விசிறி வாங்கிய கதையை உங்கள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். அவசரமில்லை. வாளியில் நாலு டார்ச் ஊறிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது வரும் வாரம் வருகிறதாம்.