பிஸ்கட் டின் ஆம்ப்ளிஃபயரும் ஒரு விரலும்

திருவண்ணாமலையில் மைக் செட் கடை வாட்ஸ் அளவுக்குச் சத்தம் போட்ட மனிதர் பிறந்ததில்லை. இனியும் பிறக்கமாட்டார். ஊர் கரண்ட் தாங்காது.

சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. ஆளைப் பார்த்தால் வாட்ஸில்தான் அளப்பார்; அதனால் வாட்ஸ் என்றே பெயர் நின்றுவிட்டது. இட்லிக்கார அம்மா அறுபது வாட்ஸ். கோயில் யானை நூறு. பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த எனக்கு அரை.

மதராஸிலிருந்து ஆம்ப்ளிஃபயர் கிட் பார்சலில் வரும். ஒரு பையில் தகடு, டிரான்சிஸ்டர், சுண்டைக்காய் மாதிரி கொஞ்சம் சாமான், எதை எங்கே வைப்பது என்று ஒரு படம். படத்தை முதல் வேலையாக மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்துவிடுவார்.

"படத்தப் பாத்து செய்றதுக்கு நான் எதுக்குப்பா?"

ஒருமுறை எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டி, பிஸ்கட் டின்னுக்குள் இறக்கினார். ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கட்டினார். பானைக்குள் போய் வந்தால் பாட்டுக்குக் குரல் கனக்கும்.

சுவிட்சைப் போட்டார். ம்ம்ம் என்று இரைந்தது. எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தரையில் எர்த் கம்பி இறக்கினால் இரைச்சல் போகும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சாண் தோண்டினால் பாறை. கம்பி வளைந்ததுதான் மிச்சம்.

சூடாகிறதா என்று நான் டின்மேல் விரலை வைத்தேன். சுர்ரென்றது. இரைச்சல் நின்றது. பாட்டு வந்தது.

"எடுக்காதய்யா! அப்டியே நில்லு!"

"கடைல ஆள் நிக்குது."

"அந்தாளையும் வந்து ஒரு வெரல் வெக்கச் சொல்லு!"

அதுமுதல் தெருவில் சும்மா இருப்பவருக்கெல்லாம் விரல் வேலை. வெறுங்காலோடு நிற்க வேண்டும்; உடம்புதான் எர்த் கம்பி. ரப்பர் செருப்பு போட்டால் இரைச்சல் திரும்பிவிடும்.

முப்பது தாண்டிய பிறகு அடி அண்ணாமலையில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து என் கடை வாசலில் உட்கார்ந்தார்.

"இன்னா வாட்ஸு, பொண்ணு எத்தினி?" என்றேன்.

"தெரிலய்யா. அளக்கத் தோணல."

விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்துகொண்டேன். பெண்ணின் அப்பா விவசாயி. பெரிய மீசை. ஒரே நிபந்தனை போட்டார்.

"சம்பாதிக்கிற ஆளா, சும்மா சத்தம் போடற ஆளான்னு எனக்குத் தெரியணும். பேரனுக்குக் காது குத்தறோம். செட்டு ஒழுங்கா பாடுச்சுன்னா பொண்ணு. இல்லன்னா பொட்டியத் தூக்கினு கெளம்புங்க."

குதிரை வண்டியில் போனோம். வேப்பமரத்தில் பானையைக் கட்டினோம். விரல் நான். விரல் விஷயத்தை மூச்சு விடக் கூடாது என்று வாட்ஸ் சத்தியம் வாங்கியிருந்தார். டின்னை ரசிப்பவன் போல நின்றேன். பாட்டு பிரமாதமாகப் போயிற்று. மீசைக்காரர் தலையாட்டினார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. பானை திரும்பிக்கொண்டதென்று வாட்ஸ் மரத்தில் ஏறியிருந்தார். மீசைக்காரர் என்னிடம் வந்தார்.

"பந்திக்கு வாங்க."

"வேணாங்க."

"வூட்டுக்கு வந்தவரு பட்டினியா நின்னா எனக்கு இன்னா மரியாதை?"

கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ம்ம்ம்!

காது குத்திக்கொண்டிருந்த ஆசாரி ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். பேரன் குத்தாத காதைப் பிடித்துக்கொண்டு அலறினான். எருமைகள் பந்திக்குள் புகுந்தன. மீசைக்காரர் ஓடிப்போய் டின்னை ஓங்கி அறைந்தார். கை பட்டது. இரைச்சல் நின்றது. கையை எடுத்தார். ம்ம்ம். வைத்தார். பாட்டு.

"எடுக்காதீங்க மாமா!" மரத்திலிருந்து குரல் வந்தது.

"டேய், இதுக்கு ஒரு ஆளு நின்னுனே இருக்கணுமா?"

"ஒரே ஒரு ஆளு போதும் மாமா!"

சனம் சிரித்தது. மீசைக்காரர் சிரிக்கவில்லை. எருமையைத் துரத்தவும் முடியாமல், கையை எடுக்கவும் முடியாமல் நின்றார். முடிந்தது கதை, பெட்டியைத் தூக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது அந்தப் பெண் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு டின்மேல் விரலை வைத்தது.

"நீ போய் சாப்டு நைனா."

"உனுக்கு இன்னாத்துக்கும்மா இது? ஷாக் அடிக்கிது."

"கம்மியாத்தான் அடிக்கிது. போ நைனா."

கடைசிப் பாட்டு வரைக்கும் அது நகரவில்லை. வாட்ஸ் மரத்தைவிட்டு இறங்கவே இல்லை. மீசைக்காரர் கை கழுவிவிட்டு வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எறங்கி வாங்க மாப்ள. சோறு ஆறுது" என்றார்.

திரும்பும்போது வாட்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கொஞ்சம் மெதுவாகவே போகட்டும் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.