பிங்கிக்கு ஒரு சாவு வீடு

மண்சரிவில் மாட்டை இழந்தவர்களுக்கு மாடு தருவதாக அரசாங்கம் அறிவித்தது. ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அங்கம்மாவின் பசு பிங்கி, மாட்டுப்பட்டியோடு மண்ணுக்குள் போயிருந்தது. அறிவிப்பு தனக்காகவே வந்ததென்று அவள் நம்பினாள். நம்புவதற்கு இன்னும் வரி போடவில்லை.

பிங்கியின் பாலில்தான் அவள் அடுப்பு எரிந்தது. மிஞ்சியது பால்குடி மறவாத கன்று. அது பசியில் கத்திய கத்தலில் லயத்து வரிசை வீடுகளே காதைப் பொத்திக்கொண்டன.

கந்தோரில் கால்நடை உத்தியோகத்தர் ஜனார்த்தனன் மிக மரியாதையாகப் பேசினார்.

“உடலைக் காட்டுங்க அம்மா.”

“மண்ணுக்கு அடியில கிடக்குங்க சேர்.”

“தோண்டிக் காட்டுங்க.”

“தோண்டத்தான் போனேன். ஆபத்தான இடம், கால் வைக்காதேன்னு உங்க ஆளுங்கதான் மஞ்சள் நாடா கட்டியிருக்காங்க.”

“சரியாத்தான் கட்டியிருக்காங்க,” என்று அவர் பெருமைப்பட்டார். பிறகு யோசித்தார். “ஒரு மனுசன் செத்தா ஊர் எப்படி நம்புது? சாவு வீடு நடக்குது, நாலு பேர் அழுறாங்க. உங்க மாட்டுக்கு யாரும் அழுததா எனக்குத் தகவல் இல்லையே. அழாத சாவை அரசாங்கம் எப்படி ஏத்துக்கும்?”

மாட்டுக்கு ஒப்பாரியா என்று அங்கம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் மாடு வேணுமே.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ரோட்டில் வெள்ளைக்கொடி ஏறியது. தப்பு முழங்கியது. தோட்டத் தலைவர் சுந்தரலிங்கம் பொறுப்பெடுத்து, கம்பளையில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து வந்தார். அதில் நடுவில் அவர் கைகூப்பி நின்றார். பக்கத்தில் அவர் மச்சான். கீழே வாலிபர் சங்கம் முழுசாக. மூலையில் ஒரு கொம்பு.

“பிங்கி எங்க தலைவரே?”

“துக்கத்துல பங்கெடுக்கிறவங்களுக்கு இடம் வேணுமில்ல, அங்கம்மா?”

பொம்பிளைகள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். “நாலு போத்தல் கறந்தவளே, நடுராவில் போனவளே” என்றதும் பக்கத்துக் காம்பரா சஞ்சீவனிக்குத் தோள் குலுங்கியது.

“சிரிக்காதடி, சேர் பார்க்கிறாரு,” என்றாள் அங்கம்மா.

“அழுகைதான் சித்தி. வேற மாதிரி வருது.”

ஜனார்த்தனன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கன்றைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தார்; நன்றாக வரும்வரை எடுத்தார். பால் தேத்தண்ணி கேட்டு, எந்த வீட்டில் நிற்கிறோமென்று ஞாபகம் வந்து, வெறும் தேத்தண்ணிக்கு இறங்கினார். பிறகு இரங்கலுரை.

“அன்னார் இத்தோட்டத்தின் பால் உற்பத்திக்கு ஆற்றிய அளப்பரிய சேவையை நாடு மறக்காது. மரணம் சந்தேகத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்படுகிறது. எனவே அன்னாரின் வாரிசுக்கு ஒரு மாடு வழங்கப்படும்.”

அங்கம்மா முன்னால் ஓடினாள். “கும்பிடுறேன் சேர். எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போறது?”

“நீங்க ஏன் வாறீங்க? வாரிசுதான் வரணும்.”

“நான்தானே வாரிசு?”

“நீங்க மாடா?”

“இல்லைங்க.”

“அப்ப கன்னுதான் வாரிசு. அதுக்காகத்தானே இவ்வளவு பேர் அழுதோம். ஆனா அது வயசு வராதது. பதினெட்டு முடியிற வரைக்கும் அதோட மாடு அரசாங்கப் பண்ணையில பத்திரமா இருக்கும். பாலையும் நாங்களே பொறுப்பா கறந்துக்குவோம்.”

“சேர், பசியில இப்பவே எலும்பு தெரியுது. அதுவரைக்கும் இது உசிரோட இருக்குமா?”

“இல்லாமப் போனா அதுக்கும் இதே மாதிரி ஒரு சாவு வீடு வைங்க. எவ்வளவு வேலை இருந்தாலும் நான் வருவேன்.”

எளிமையான மனுசன் என்று கூட்டம் உருகிப்போனது. முதலில் தலைவர் கைதட்டினார். மச்சான் தட்டினார். பிறகு லயம் மொத்தமும் தட்டியது. கன்றின் கயிற்றைப் பிடித்திருந்ததால் அங்கம்மாவுக்குத் தட்ட முடியவில்லை. எல்லாரும் திரும்பி அவளையே பார்த்தார்கள். கயிற்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு அவளும் தட்டினாள்.