மந்திரம் உட்காரும் கம்பு

செவ்வாய்க்கிழமையானால் வெள்ளாயணியில் எலிச்சாமி கொட்டகைப் பக்கம் நடக்க வழி கிடைக்காது. மண்வெட்டியோடு வந்தவனும் காரில் வந்தவனும் ஒரே வரிசை. எலிக்கு எல்லார் கிழங்கும் ஒன்றுதானே.

சாமி தருவது ஒரு உயரக் கம்பு. தலையில் குறுக்குச் சட்டம், அதில் மஞ்சள் துணி. மந்திரித்ததாம். மரச்சீனித் தோட்டத்தில், அதாவது மரவள்ளிக்கு நடுவே, நட்டால் எலி குறையும். குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஏன் குறைந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் மந்திரம் கலைந்துவிடும்.

சில வாரத்தில் அந்தக் கம்பில் கூகை, அந்த வெள்ளைமுக ஆந்தை, வந்து அலறும். சாவு வருகிறதென்று பக்தர்கள் மறுபடி ஓடுவார்கள். சாமி மந்திரித்த வெடி கொடுப்பார். வெடித்தால் கூகை போகும். கூகை போனால் எலி வரும். எலி வந்தால் புதுக் கம்பு. இப்படி வற்றாத வியாபாரம் சாலைக் கடைத்தெருவில்கூடக் கிடையாது.

பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்த பிச்சைக்கனியும் கம்பு நட்டு, வெடியும் வாங்கி வந்தார். இந்தக் கிழங்கு போனால் நிலமும் போகும். புருஷனும் மனைவியும் மறுபடி விழிஞ்ஞம் துறைமுகத்தில் கல் சுமக்க வேண்டியதுதான். களை பறித்த மனைவி முத்தாரம்மாள் கம்படியில் கறுப்பு உருண்டைகளைக் கண்டாள். குச்சியால் உடைத்தாள். உள்ளே ரோமம், எலும்பு, நீளப் பல்லோடு ஓர் எலி மண்டை.

"இஞ்ச பாருங்க. கூகை தின்னுட்டுத் துப்புனதாக்கும்."

"ஏட்டி, வாய அடக்கு. சாமிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். வெடிய வெடிக்காம வீட்டுக்குள்ள வச்சிட்டு அந்தக் குறுக்குச் சட்டத்தக் கழட்டுங்க. துணியும் மந்திரமும் அந்தக் கம்புலயே கெடக்கட்டும்."

கழற்றிய சட்டத்தைத் துணி காயப்போடும் கம்பில் அடித்து, மறுகோடியில் நட்டாள். மாதம் முடிவதற்குள் மஞ்சள் துணியின் காலடியிலேயே எலி வளை தோண்டியது. மந்திரமில்லாத கம்பில் கூகை வந்து உட்கார்ந்தது; அதைச் சுற்றிக் கிழங்கில் பல் படவில்லை.

முறம் நிறைய எலும்போடு கொட்டகைக்குப் போய் வரிசையில் நின்றாள். சும்மா நிற்கவில்லை, சுற்றிலும் பார்த்தாள்.

"சாமி, குறுக்குச் சட்டம் எதுக்காக்கும்?"

"மந்திரம் வந்து உக்கார."

"உக்காந்த மந்திரம் எலும்பு துப்புமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமி முறைத்தார். "கூகை எமனுக்க ஆளு. அது இருக்க எடம் வெளங்காது."

"அப்போ உங்க தென்னையில அது குடியிருக்கப் பெட்டி அடிச்சுக் கெட்டியிருக்கது யாரு?"

கூட்டம் கொட்டகையின் பின்னால் போய் அண்ணாந்து பார்த்தது. பெட்டிக்குள் இரண்டு வெள்ளை முகங்கள். கீழே சாமியின் சொந்த மரச்சீனி; ஒருவன் பிடுங்கிப் பார்த்தான், கிழங்கு தொடை தடிமன். அந்தத் தோட்டத்தில் ஒரு வெடியும் வெடித்ததில்லை. திரும்பி வந்தபோது சாமியும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே தென்னையடியில் கூகைக்குக் கற்பூரம் எரிந்தது. முதல் பூசைத் தட்டு பிச்சைக்கனியுடையது.

முத்தாரம்மாள் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றினாள். "அதுக்குப் பொகை வேண்டாம், எலி போதும். அவனவன் தோட்டத்துல ஒரு பெட்டி அடிங்க, போங்க."

கூகை இருட்டிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் பகலிலாவது திறந்து பாருங்கள்.