தம்பிக்கு ஒரு சிம் கார்டு

குடும்பம் என்றால் என்ன என்று ஞானிகள் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒரே வரியில் வரையறுத்த பெருமை எங்கள் செல்போன் நிறுவனத்தையே சேரும்: குடும்பம் என்பது நான்கு சிம்.

அந்த வரையறையின்படி அப்பா, அம்மா, அண்ணன், நான் ஆகியோர் ஒரு குறையும் இல்லாமல் குடும்பமாக இருந்துவந்தோம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன நான், தனித்தேர்வு எழுதுவதற்காகப் போனில் கணக்குப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணன் கையடக்க கேம் மிஷின் ஒன்றை வாங்கிவந்தான். போகிற இடமெல்லாம் விளையாட அதற்குத் தனி சிம் வேண்டுமாம். தனித் திட்டத்தின் விலையைக் கேட்ட அப்பா பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா, அண்ணன், நான் மூவரும் சேவை மையத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்த அதிகாரி கருணையே உருவானவர்.

"குடும்பத் திட்டத்துல சேத்துட்டா தனிச் செலவே இல்ல சார். உறவுமுறை மட்டும் எழுதணும். இது உங்களுக்கு என்ன வேணும்?"

"டேட்டா வேணும்," என்றார் அப்பா.

"அது இல்ல சார். உங்களுக்கு என்ன முறை?"

அப்பா மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் ஜாடையும் இல்லை. "மகன்னு போட்டுக்குங்க."

"வயசு?"

"வாங்கிப் பத்து நாள் ஆகுது," என்றான் அண்ணன். "எப்பவும் கையிலதான் வெச்சிருக்கேன்."

"அட, கைக்குழந்தை!" அதிகாரி நெகிழ்ந்துபோனார். "ஆனா நாலு பேருக்கு மேல குடும்பம் தாங்காது சார். யாரை எடுத்துரலாம்?"

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. அம்மா போன் வழியாகக் கலந்துகொண்டாள்.

"இவ ஒரு நாளைக்கு ரெண்டு பாடம்தான் பாக்கறா," என்று அண்ணன் புள்ளிவிவரம் தந்தான். "இவ மாசம் பூரா பாக்கறத தம்பி ஒரே அப்டேட்ல குடிச்சுருவான்."

"வளர்ற பிள்ளையாச்சே, பாவம்," என்றாள் அம்மா.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் வாயைத் திறக்கவில்லை. அது 'ஆதரவு' என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஒழுக்கம் ஓங்கியது. "மெதுவா நட, தம்பி சார்ஜ் ஏறிட்டிருக்கான்" என்றாள் அம்மா. என் கணக்குப் பாடம் ஒரு சமன்பாட்டின் பாதியில், ஆசிரியர் வாயைத் திறந்தபடி இருக்க, அப்படியே நின்றுபோனது. தேர்வுக்கு ஒன்பதே நாள்.

தனியாகச் சேவை மையத்துக்குப் போனேன். என் முறை வந்தபோதெல்லாம் பயந்து வரிசையின் கடைசிக்குப் போய், நாலாவது தடவையில் கேட்டேவிட்டேன்.

"சார், என்னை மறுபடி குடும்பத்துல சேத்துக்க முடியுமா?"

"எடமில்லியேம்மா. தனித் திட்டம் போட்டுக்கறியா?"

"அவ்வளவு காசு இல்ல சார்."

கருணையாளர் யோசித்தார். "நேத்துதான் ஒரு சலுகை வந்துச்சு. குடும்பத்துக்கு ஒரு கருவி இலவசம். உன்னைக் கருவின்னு பதிஞ்சுரலாம். வாங்கின பில் இருக்கா?"

"வாங்கல சார். பொறந்தேன்."

"என்ன விலைன்னாச்சும் தெரியுமா?"

"விலையெல்லாம் இல்ல சார். சும்மாதான் வந்தேன்."

அவர் பேனாவை மூடினார்.

"அதான பாத்தேன். சும்மா வந்ததுக்கு யாரும்மா ரீசார்ஜ் பண்ணுவாங்க?"